வீட்டில்தான் இருக்கிறான்

கேஸ் சிலிண்டர் இன்று வரும் என்று தகவல் வந்துவிட்டால் நான் வீட்டை விட்டு நகர மாட்டேன். பால் வாங்கப் போக மாட்டேன். குளிக்கப் போனால்கூட மகளை வாசலில் உட்காரவைத்துவிட்டுத்தான் போவேன். "நீங்க இல்லாட்டி நாளைக்குக் கொண்டு வருவாங்கப்பா, என்ன இப்போ" என்பாள் அவள். நாளைக்கு வருவார்கள் என்பதை என்னால் நம்ப முடிவதில்லை. இந்தத் தெருவில் இருபத்தாறு வீடுகள் இருக்கின்றன. நாம் குரல் கொடுக்காவிட்டால் சிலிண்டர்காரன் இருபத்தேழாவது வீட்டைத் தேடிப் போய்விடுவான் என்றுதான் தோன்றும். வயதாகிவிட்டதால் வந்த பதற்றம் என்று டாக்டர் சொல்கிறார். அப்படி இல்லை. இது நான் பிறந்த தெருவின் பழக்கம்.

மன்னார்குடிக்குக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு வாய்க்கால் தாண்டினால் அந்தத் தெரு. முப்பத்து நான்கு வீடுகள், எல்லாம் கீற்றுக் கூரை. முப்பத்து நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழி நிலம் சொந்தமாகக் கிடையாது. கண்ணுக்கெட்டியவரை தெரிந்த வயல் எல்லாம் மூன்று மிராசுதார்களுடையது. அதில் நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் அடித்துக் கொடுப்பது நாங்கள்.

வேலை தேடிப் போகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வேலைதான் எங்களைத் தேடி வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் பண்ணையின் தலையாரி தெருவுக்குள் நுழைவார். எந்த வாசலிலும் ஏற மாட்டார். வீட்டுக்கு நேராக நின்று, "நாளைக்கு நடவு, ரெண்டு ஆளு" என்று ஒரு தடவை குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து "வந்துடுறோம்" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வீடு. அதோடு முடியாது. பதில் வராத வாசலை அந்தப் பருவம் முழுக்கத் தாண்டிப் போவார். வேறு பண்ணைக்குப் போய்விட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். அதனால் அந்த நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் குளத்துக்குப் போக மாட்டார்கள். காய்ச்சலில் கிடப்பவர்கள்கூட வாசல் பக்கமாகத் தலை வைத்துப் படுப்பார்கள். ஆனால் ஒன்று, கூப்பிட்டுவிட்டால் வேலை நிச்சயம். கூப்பிட்ட ஆளைத் திருப்பி அனுப்பினார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். அப்போது ஆட்சி மாறி அதிக நாள் ஆகவில்லை. மன்னார்குடியில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் இனி நாற்காலியில் உட்காரப் போகிறார்கள் என்று அடுக்குமொழியில் சொன்னார்கள். அப்பா முன் வரிசையில் தரையில் உட்கார்ந்து கேட்டார். அவர் கேட்டது வேறு யாருடைய பிள்ளைகளைப் பற்றியும் இல்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

தஞ்சாவூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அப்பாவும் கூடவே வந்தார். வரிசையில் எனக்கு முன்னால் ஐம்பத்தொன்பது பேர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "இனிமே இங்க வந்து வந்து நிக்க வேணாம் தம்பி. கார்டு வீட்டுக்கே வரும்" என்றார்.

அப்பா ஜன்னல் கம்பிக்குள் தலையை நீட்டினார். "வீட்டுக்கே வந்து கூப்பிடுவாங்களாங்க?"

"ஆமாங்க பெரியவரே, தபால்காரர் கொண்டாந்து குடுப்பார்."

"இவன் வீட்ல இல்லன்னா?"

"இல்லாம எங்க போகப் போறான்? இருக்கச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாடா? எவ்ளோ பெரிய எடம்! ஆனா வழக்கம் எல்லாம் நம்ம ஊரு வழக்கந்தான்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து நான் வீட்டில் இருந்தேன். வயலில் இறங்கக் கூடாது. தபால்காரர் வரும்போது நான் நடு வயலில் நின்றால் என்ன ஆவது? மன்னார்குடிக்குப் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். நான் திரும்பி வரும்வரை அம்மா வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அம்மா நடவுக்குப் போகிற நாட்களில் டைப்ரைட்டிங் கிடையாது. தபால்காரர் சைக்கிளில் வாய்க்கால் மதகில் ஏறும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அவர் எங்கள் தெருவுக்குள் வருவதே அபூர்வம். பெரும்பாலும் மதகிலிருந்து அப்படியே மேற்கே திரும்பிவிடுவார். நான் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கப் பழகியது அந்த நாட்களில்தான். வரப்பில் நடக்கும் கொக்குகள், கூரையில் மாற்ற வேண்டிய கீற்றுகள், மதகைத் தாண்டிப் போகிற வண்டிகள்.

எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள். "என்ன மருமவனே, அட காக்குறீங்களே, முட்ட பொரிஞ்சுதா இல்லியா?"

"பொரிக்கும் அத்தை."

"கூமுட்டையா இருந்துடப் போவுது. தூக்கி ஆட்டிப் பாரு" என்பாள். அவள் புருஷன் கூச்சமே இல்லாமல் சிரிப்பார்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் கூத்தாநல்லூர்க்காரன், முஸ்லிம் வீட்டுப் பையன். அவனுடைய மாமாவுக்கு நாகப்பட்டினத்தில் ஜவுளிக்கடை. ஒருநாள் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். கடைக்குப் பில் எழுத ஆள் வேண்டும், தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்றான். எனக்குப் போக ஆசையாக இருந்தது. அப்பா அவனை உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, பிறகு சொன்னார்.

"தம்பி, ஒன் மாமா நல்லா இருக்கணும். ஆனா இவன் அங்க நிக்கறப்ப இங்க கூப்பிட்டுட்டாங்கன்னா?"

"நாகப்பட்டினம் என்ன சீமையா அத்தா? ஒரு தந்தி குடுத்தா வந்துடப் போறான்."

"தந்தி போயி, இவன் பஸ் ஏறி வர்றதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போயிடுவாங்கப்பா."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் இளநீர் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதகு வரை அவனோடு நடந்து போனேன். "உன் அப்பா சர்க்காரத் தலையாரின்னு நெனச்சுக்கிட்டு இருக்காருடா" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. கடைசியில், "எடம் இருக்கும். எப்ப தோணுதோ வா" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனான்.

அதற்கு அடுத்த சம்பா அறுப்புக்கு முன்னால் கூலித் தகராறு முற்றிவிட்டது. தெருமுனையில் செங்கொடி ஏற்றிச் சங்கம் வைத்திருந்தோம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரு பக்கமும் வரப்பில் அரிவாளோடு நின்றார்கள். அப்போது சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். இனிமேல் தலையாரி வாசலில் நின்று கூப்பிட்டால் எந்த வீடும் பதில் சொல்லக் கூடாது. ஆள் வேண்டுமென்றால் கொடிமரத்தடிக்கு வந்து கேட்கட்டும், யாரை அனுப்புவது என்று நாங்கள் முடிவு செய்வோம். முதலில் கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். தலையாரி மூன்று நாள் வந்து முப்பத்து நான்கு வாசலிலும் நின்று குரல் கொடுத்துவிட்டு, பதில் இல்லாமல் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் அவருக்கே குரல் கம்மிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. அப்பாவோ விளக்கைக்கூட ஏற்றாமல் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

தலையாரிக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்ட அதே அப்பா, தபால்காரர் விஷயத்தில் மட்டும் மாறவில்லை. போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்து இளவட்டங்கள் எல்லோரும் உறவு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். எங்கள் தெருவில் மிஞ்சிய ஒரே வாலிபன் நான்தான். போலீஸ்காரர் ஒருவர் வாசலில் நின்று, "நீ ஏண்டா ஓடல?" என்று கேட்டார்.

"அவன் கார்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கான் அய்யா" என்றார் அப்பா.

"என்ன கார்டு?"

"கவர்மெண்டு கார்டுங்க. எஸ்.எஸ்.எல்.சி."

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் மச்சினனும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த ஒரு வாசகத்தால் நான் தப்பினேன். மேலண்டை வீட்டுக்காரருடைய தங்கை புருஷன் தப்பவில்லை. பக்கத்து ஊரில் இருந்த அவனைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவனால் நேராக நிமிர முடியவில்லை. அந்தக் கோடை தாண்டுவதற்குள் இறந்துபோனான். அவன் மனைவி கைக்குழந்தையோடு மேலண்டை வீட்டுக்கே, தன் அண்ணன் வீட்டுக்கே, திரும்பி வந்தாள்.

அடுத்த பருவத்துக்கு முன்னால் தாசில்தார் வந்து பேசி முடித்துவைத்தார். கூலி கொஞ்சம் கூடியது. ஆனால் வெளியூர் ஆட்களில் பாதிப்பேரை மிராசுதார்கள் வைத்துக்கொள்வார்கள். உள்ளூரில் அறுபத்தெட்டு ஆள், அதற்கு மேல் ஒருவரும் கிடையாது. முப்பத்து நான்கு வீட்டுக்கும் வீட்டுக்கு இரண்டு என்று சங்கம் பிரித்தது. எங்கள் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும். திரும்பி வந்த அந்தப் பெண்ணுக்குத் தனி வீடு இல்லை. அவள் அண்ணன் வீட்டின் இரண்டு இடமும் நிரம்பியிருந்தது. அவளுக்கு இடம் இல்லை.

அந்த வாரத்தில்தான் தபால்காரர் மதகிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

அரசாங்கம் புதிதாகத் திறக்கும் நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பட்டியல் எழுத்தர் வேலை. தஞ்சாவூரில் நேர்முகத் தேர்வு. நான் கார்டைச் சத்தமாகப் படித்தேன். "என்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்று மட்டும்தான் அப்பா கேட்டார். நாளைச் சொன்னேன். "வந்துடுறோம்" என்று தபால்காரரைப் பார்த்துச் சொன்னார். தபால்காரர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

நாங்கள் அறுக்கும் நெல்லை நானே மேஜை போட்டு உட்கார்ந்து பட்டியல் எழுதப் போகிறேன் என்று தெரு முழுக்கப் பேச்சு. எதிர்வீட்டு அத்தை மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து எனக்குச் சுற்றிப்போட்டாள். "கோழி குஞ்சோட வந்துடுச்சு" என்றாள். நேர்முகத் தேர்வு என்றால் என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கொடிமரத்தடியில் பேர் எழுதுகிற கூட்டம். எங்கள் வீட்டு முறை வந்ததும் அப்பா எழுந்தார்.

"எங்க வீட்டுக்கு ஒண்ணு போதும். என் பேரு மட்டும் எழுது. மகன் கவர்மெண்டுக்குப் போறான். இன்னொரு எடத்த அந்தப் பொண்ணுக்கு எழுதிடு."

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா செய்ததில் அணுவளவும் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கேட்டாள். "எழுதிக் குடுத்தது என் எடத்த. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

"ஒனக்கு எதுக்கு இனிமே? புள்ள சம்பாதிக்கப் போறான்."

"சம்பாதிக்கட்டும். அதுக்கப்புறம் குடுத்திருக்கலாம்ல" என்றாள். அம்மா தன் அரிவாளைக் கூரையில் செருகினாள். அப்போது அது எனக்குச் சின்ன விஷயமாகப் பட்டது.

தஞ்சாவூரில் நேர்முகத் தேர்வு நடக்கும் கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். மரத்தடியில், மதிலோரத்தில், படியில், எங்கே பார்த்தாலும் என் வயதுப் பையன்கள். எல்லோர் கையிலும் அதே கார்டு. எண்ண ஆரம்பித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்குள் இன்னொரு பஸ் வந்து நின்றது.

பக்கத்தில் நின்றவன் திருக்காட்டுப்பள்ளிக்காரன். என் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். "மொத தடவையா? கஞ்சி மொடமொடன்னு இருக்கே."

"ஆமா. உங்களுக்கு?"

"ஏழாவது. சட்டை மட்டும் ஒண்ணேதான்."

"ஏழு தடவ கூப்பிட்டும் வேல குடுக்கலியா?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "கூப்பிடுறது வேற, குடுக்கிறது வேற தம்பி. எத்தன எடம்னு தெரியுமா? பத்தோ பன்னெண்டோ. சிபாரிசு யாரு ஒனக்கு? எம்.எல்.ஏ.வா, கட்சி வட்டச் செயலாளரா?"

"யாரும் இல்ல. கார்டு வந்துச்சு, வந்தேன்."

"நல்லது. மத்தியானம் பெரிய கோயில் பாத்துட்டு ஊருக்குப் போ" என்றான். கேலிதான். ஆனால் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தவனும் அவன்தான்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெருக்கல் கணக்குக் கேட்டார்கள். சொன்னேன். எந்த ஊர், அதில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். "தெரிவிப்போம்" என்றார்கள். வெளியே வரும்போது என் கணக்குக்கு எட்டியவரை இன்னும் நூறு பேராவது காத்திருந்தார்கள்.

அப்பா மதகிலேயே நின்றிருந்தார். "எப்பலேந்து?" என்று கேட்டார்.

"தெரிவிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க."

"என்னத்த தெரிவிக்கறது? கூப்பிட்டாங்க, நீ போனே."

முந்நூறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள் என்று சொன்னேன். பத்துப் பேருக்குத்தான் வேலை என்றும் சொன்னேன். "அப்ப மிச்ச பேர எதுக்குடா கூப்பிட்டாங்க?" என்றார்.

ஆனாலும் அவர் விடவில்லை. நேரில் பார்த்துவிட்டார்கள், இனி இரண்டாவதாக ஒரு சொல் வரும் என்று தனக்குள் ஒரு வழி செய்துகொண்டார். குறுவை அறுப்பு தொடங்கியது. பக்கத்து ஊரில் கொள்முதல் நிலையம் திறந்தார்கள். மிராசுதாரின் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் போனார். திரும்பி வந்தவர் கை கால் கழுவாமல் வாசலில் உட்கார்ந்தார்.

"அங்க மேஜை போட்டு ஒரு பையன் உக்காந்திருக்கான்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் எழுதறான். ஒன்ன மாதிரியே ஒல்லி. யாரு பெத்த புள்ளையோ, வெயில்ல உக்காந்திருக்கான்" என்றார். அதற்குப் பிறகு பட்டியல் எழுத்தர் என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அந்தப் பெண் ஒருநாள் காலையில் அரிவாளோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, அக்கா எடத்துக்கு அக்காவே போகட்டும். எனக்கு மனசு கேக்கல" என்றாள். சங்கத்துக்காரரும் இரண்டு முறை அதையே சொல்லியிருந்தார். அப்பா, "போ தாயி, நேரமாச்சு. வரிசையில ஆள் கொறஞ்சா கேப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அம்மாவும், "போ, வெயில் ஏறிடும்" என்றாள். கூரையில் செருகிய அரிவாளை அவள் எடுக்கவில்லை. அறுபத்தெட்டும் நிரம்பிவிட்டதால் நான் வயலில் இறங்க நினைத்தாலும் வழியில்லை. ஒருவர் கூலியில் மூன்று பேர் சாப்பிட்டோம்.

இரண்டு சம்பா அப்படியே போயிற்று. அப்பாவுக்கு நெஞ்சில் வலி வர ஆரம்பித்தது. கட்டுத் தூக்கித் தலையில் வைத்தால் நடு வரப்பில் நின்றுவிடுவார். ஒரு சாயங்காலம், தலையாரி வருகிற அந்தப் பழைய நேரத்தில், என்னைக் கூப்பிட்டார்.

"கூத்தாநல்லூர்ப் பையன் கடையில எடம் இருக்குன்னு சொன்னான்ல?"

"இருக்கும்."

"நீ போ. நான் வாசல்ல இருக்கேன். கூப்பிட்டாங்கன்னா நான் பதில் சொல்லிட்டு ஒனக்கு ஆள் அனுப்புறேன்."

மறுநாள் நான் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். நண்பனின் மாமா வேறு எதுவும் கேட்கவில்லை. "பில் புக்கு அங்க இருக்கு" என்றார். தலைமுடி நரைக்கிற வரை அந்தக் கடையில்தான் இருந்தேன். வேட்டிகளையும் சேலைகளையும் எண்ணினேன். அப்பா அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அவருடைய இடத்துக்கு அம்மா போனாள். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருந்தபோதே ஒருநாள் போய்விட்டார். தலை வாசல் பக்கம் சாய்ந்திருந்ததாம்.

இரண்டாவது கார்டு அதற்கப்புறம் வந்தது. வேறொரு அலுவலகத்தில் வேறொரு வேலை. அம்மா அதை நாகப்பட்டினம் போகிற லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினாள். போனேன். அங்கேயும் கூட்டம்தான். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு கார்டு வரவில்லை. எனக்கும் வயது வரம்பு தாண்டிவிட்டது.

அந்த இரண்டாவது கார்டு வந்த நாளைப் பற்றித் தபால்காரர் பல வருடம் கழித்து மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னார். நான் ஊரில் இல்லை என்று அவருக்குத் தெரியும். என்னை பஸ் ஏற்றிவிட்ட அன்று அவரும் அங்கே நின்றிருந்தார். இருந்தாலும் வழக்கப்படி வாசலில் நின்று, "பையன் இருக்கானா?" என்று கேட்டாராம். அம்மா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். காலில் சேறு காயவில்லை.

"வீட்லதான் இருக்கான். கூப்புடறேன், இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம். என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாளாம். அந்தக் குடிசையில் இருந்ததே ஒரு அறைதான். தபால்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அசந்து தூங்குறான். எழுப்ப மனசு வரல. என்கிட்ட குடுங்க" என்றாளாம்.